உள்ளங்கையில் ஒரு மோவாய்

மைசூர் விஜயநகரில் ஒரு வீட்டு ஹால். நடுவில் தரையில் சம்மணம் போட்டு ஷைலாம்மா உட்கார்ந்திருந்தார். வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேலே பார்த்தபடி வைத்திருந்தார். கூப்பிடவில்லை. சூ கொட்டவில்லை. சும்மா நீட்டியபடி இருந்தார்.

எட்டடி தள்ளி ஒரு நாய். வெண்ணெய் நிறத்தில் பெரிய லேப்ரடார். அதன் வலது காதிலிருந்து வந்த வாடை, கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கே எட்டியது.

நாய் வந்தது. கையை முகர்ந்தது. போய்விட்டது. மறுபடி வந்தது, போய்விட்டது. சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. மூன்றாம் தடவை வந்து, ஏதோ யோசித்ததுபோல் நின்று, தன் மோவாயை அந்தக் கையில் இறக்கி வைத்தது.

ஷைலாம்மா இடது கையிலிருந்த சின்னப் பெட்டியை அழுத்தினார். ‘டிக்’. ஒரு துண்டு பன்னீர் கொடுத்தார். “ஆய்த்து. இன்னைக்கு இவ்வளவுதான்” என்று எழுந்துவிட்டார்.

இதற்கா ஆளை வீட்டுக்கு வரவழைக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிறவள் இல்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே அவராகவே சொன்னார். “மோவாயை வெச்சா, சரி, செய்யுன்னு அர்த்தம் மாதக்கா. எடுத்துட்டா பேடா, வேண்டாம்னு அர்த்தம். அவன் பேடான்னா நாம நிறுத்தணும். மருந்து பாதியில இருந்தாலும் நிறுத்தணும்.”

பின்னால் பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. ஒரு நாயிடம் போய் உனக்குச் சம்மதமா என்று கேட்கிறார்கள். அதுவும் யோசித்துப் பதில் சொல்கிறது. அன்று பார்த்ததை இன்னும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

பையும் நோட்டும்

முந்தின வாரங்களைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. எனக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம் ராமாபுரம். படிப்பு ஐந்தாவதோடு சரி. கொத்தனார் வேலைக்கு மைசூர் வந்த என் வீட்டுக்காரரோடு வந்தேன், சித்தாளாகக் கல் மண் சுமந்தேன். அவர் போனபிறகு வீட்டு வேலைக்குப் போனேன். அப்படிப் பெருக்கித் துடைக்கப் போன வீடுதான் ஷைலாம்மா வீடு.

அவர் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். கம்பு கிடையாது, கழுத்தை இறுக்கும் சங்கிலி கிடையாது, அதட்டல்கூடக் கிடையாது. நாய் சரியானதைச் செய்யும் அந்த நொடியில் ‘டிக்’. உடனே தின்ன ஏதாவது. அந்த நொடி தப்பினால் வேறு எதற்கோ கூலி கொடுத்ததாகிவிடும்.

முதலில் என் வேலை தீனி நறுக்குவது. ஒவ்வொரு துண்டும் பொட்டுக்கடலை அளவுதான் இருக்க வேண்டும். பெரிதாகிவிட்டால் நாய் வயிறு நிறைந்து தூங்கிவிடும். கோழி ஈரலை ஆவியில் வேகவைத்து, தட்டில் பரப்பி ஈரம் போகக் காயவைப்பேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்போதும் காலியாகவே இருக்கும். இறங்கினால் தெரு நாய்கள் நாலைந்து, மாப்பிள்ளை ஊர்வலம்போல் வாசல் வரை கூட வரும்.

ஷைலாம்மா இடுப்பில் கட்டியிருந்த வெளிநாட்டுப் பையின் ஜிப் சத்தம் கேட்டாலே நாய்கள் வேலையை மறந்து பையைப் பார்க்கும். பழைய ரவிக்கைத் துணியில் சத்தம் வராத சுருக்குப் பை ஒன்று தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அதுதான் அவர் இடுப்பில்.

பிறகு நோட்டு எழுதும் வேலையும் வந்தது. எந்த வீடு, என்ன செய்தோம், எத்தனை எண்ணும்வரை நாய் நின்றது, எங்கே பயந்தது. ஷைலாம்மா மைசூரிலேயே பிறந்த தமிழ்க்காரர். நடுநடுவே கன்னடம் கலந்து பேசுவார், தமிழ் படிக்க வராது. எனக்குத் தமிழ் தவிர எதுவும் எழுத வராது. அதனால் நான் எழுதுவதை, திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். அதைக் கேட்டுத்தான் மறுநாள் என்ன செய்வது என்று முடிவு செய்வார்.

நாய்களோடு எனக்குக் கூச்சமில்லை. மனிதர் முன்னால்தான் வாயே திறக்காது.

லட்டுவின் காது

அந்த வீடு சேஷாத்ரி சார் வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கோமளாம்மா. நாயின் பெயர் லட்டு. குட்டியாக வந்து ஆறு வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தவன்.

அவன் காதுக்குள் புண்ணாகிச் சீழ் பிடித்திருந்தது. காலையும் மாலையும் சொட்டு மருந்து விடச் சொல்லியிருந்தார் டாக்டர். சாரும் வாட்ச்மேனும் பக்கத்து வீட்டுக்காரர் இருவருமாக அவனை அமுக்கிப் பிடித்து விட்டிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் அவன் சாரின் வலது கையைக் கடித்துவிட்டான். தையல் போடும்படி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யாராவது மருந்துப் பாட்டிலைத் தொட்டாலே சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு உறுமுவான்.

தீபாவளிக்கு வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறார், சின்னக் குழந்தையோடு. கடித்த நாய் வீட்டில் இருக்கக் கூடாது என்று அவர் போனில் சொல்லிவிட்டார். நஞ்சன்கூடு பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பம்ப் செட்டுக்குக் காவலாகக் கட்டிப்போட்டுக்கொள்கிறோம் என்று யாரோ ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாளே சார் ஷைலாம்மாவிடம் சொன்னார். “தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை கூட்ஸ் ஆட்டோவுக்குச் சொல்லியாச்சும்மா. அதுக்குள்ள என் கையால மருந்து விட முடிஞ்சா அவன் இங்க இருப்பான். இல்லேன்னா போயிடுவான்.”

சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கோமளாம்மா உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். பாயசம்போல் இனித்தது. எனக்குச் சர்க்கரை வியாதி. ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்பாக நீட்டுகிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மூச்சைப் பிடித்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் டம்ளர் பெரிதாகிவிட்டது.

மண் மூட்டை சுமந்தவை

அந்த வீட்டில் ஈரல் ஆகாது. பன்னீரும் கொப்பரைத் துண்டும்தான். லட்டுவுக்கு அதில் குறையொன்றுமில்லை. சொட்டு மருந்து விடும்வரைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையும் பன்னீருக்குள் ஒளிந்து உள்ளே போனது.

ஆனால் வேலை நகரவில்லை. ஒரு வாரம் கழித்தும் மோவாய் ஐந்து எண்ணும்வரைதான் நின்றது. பாட்டிலைக் காதுப் பக்கம் கொண்டுபோவது இருக்கட்டும், அது அலமாரி மேல் இருந்தாலே தலையைத் தூக்கிவிடுவான். தூக்கினால் ஷைலாம்மா கையை மடக்கிக்கொள்வார். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்போல. ஒருநாள் விடிந்ததும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தேவராஜ மொஹல்லாப் பக்கம் போனார். அரண்மனையிலிருந்து தசரா யானைகள் நடைப் பழக்கத்துக்குப் புறப்படும் நேரம். பூ மூட்டைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் ஓரமாக நின்றிருந்தார்கள்.

முன்னால் வந்த யானையின் முதுகில் மெத்தைகட்டி மண் மூட்டைகள் வைத்திருந்தார்கள். வருஷாவருஷம் பார்ப்பதுதான். அன்று அது வைக்கும் ஒவ்வொரு காலையும் பார்த்தேன். அவ்வளவு பெரிய கால், சத்தமே இல்லாமல், தண்ணீரில் இலை இறங்குவதுபோல் இறங்கியது.

“முதல் நாளே அம்பாரி வைக்கிறாங்களா மாதக்கா?”

இல்லையே என்றேன்.

“இன்னைக்கு ஸ்வல்ப மூட்டை. நாளைக்கு இன்னும் ஸ்வல்ப. கடைசியிலதான் அம்பாரி. லட்டுவுக்கு நாம இன்னும் மூட்டையே வைக்கல.”

யானை எங்களைத் தாண்டிப் போகும்போது நின்று, என் பையிருந்த பக்கம் தும்பிக்கையை நீட்டிக் காற்றை ஒருமுறை இழுத்துவிட்டுப் போனது. கொப்பரை வாசம் பிடித்திருக்கும். அன்று முழுவதும் யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. லட்டுவிடம் சொன்னேன்.

விட்டுப் படித்த வரி

தசரா முடிந்தது. லட்டுவின் மோவாய் இருபது எண்ணும்வரை நின்றது. பாட்டிலைக் காதுக்கு ஒரு விரல் தூரம்வரை கொண்டுபோக விட்டான். என் கையிலும் வைத்தான். முதல் தடவை வைத்தபோது அந்தக் கனம் எனக்கு நம்பமுடியாமல் இருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் கனம் இருக்கும். வெதுவெதுப்பு. கீழ் உதட்டின் ஈரம். முழுத் தலையையும் என்னிடம் கொடுத்துவிட்டு அவன் மூச்சுவிட்டான்.

ஒருநாள் ஷைலாம்மா வெளியே வராந்தாவில் சாரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன், லட்டு வைத்தான். பாட்டிலின் மூக்கு காதின் ஓரத்தைத் தொட்டது. நிஜ மருந்தை விட முயலும் முதல் நாள் அது. அவன் மோவாயை எடுத்தான்.

நானும் கையை எடுத்திருக்க வேண்டும்.

ஒரு சொட்டுதானே என்று என் கை நினைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றிய கை. தாடையைப் பிடித்துக்கொண்டேன். சொட்டு விழுந்தது.

அவன் கடிக்கவில்லை. உறுமக்கூட இல்லை. என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு எழுந்து மேசைக்கு அடியில் போய், முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான்.

நோட்டில் எழுதினேன். ‘மோவாயை எடுத்தான். நான் பிடித்துவிட்டேன். ஒரு சொட்டு விழுந்தது.’ பொய் எழுத எனக்கு வராது. ஆனால் ஸ்கூட்டரில் படிக்கும்போது அந்த வரியை விட்டுவிட்டுப் படித்தேன். ஷைலாம்மாவுக்குத் தெரிய வழியே இல்லை.

மறுநாள் லட்டு வரவில்லை. என் கைக்கும் வரவில்லை, ஷைலாம்மா கைக்கும் வரவில்லை. நீட்டிய கையைப் பார்த்தாலே மேசைக்கு அடியில் போனான். அதற்கு மறுநாளும் அப்படியே. ஷைலாம்மா பன்னீரைச் சின்னதாக நறுக்கிப் பார்த்தார். நேரத்தை மாற்றிப் பார்த்தார். வீட்டில் பாத்திரம் ஏதாவது விழுந்ததா என்று கோமளாம்மாவை விசாரித்தார். கடைசியில், “நான்தான் அவசரப்பட்டுட்டேன் மாதக்கா. என் தப்பு” என்றார்.

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான்காம் நாள் ஸ்கூட்டரில் ஏறியதும், அன்றைய பக்கத்தைப் படிக்காமல் பழைய பக்கத்தைத் திருப்பினேன். முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். அதனால்தான் முடிந்தது. விட்ட வரியைப் படித்தேன்.

அவர் வண்டியை ஓரமாக ஒரு மரத்தடியில் நிறுத்தினார். இறங்கவில்லை, திரும்பவுமில்லை. “நாளைக்கிருந்து நான் வரலீங்கம்மா” என்றேன்.

அவர் தன் கைப்பையைத் துழாவி ஒரு கடலை மிட்டாயை எடுத்து, பின்னால் கையை நீட்டிக் கொடுத்தார். நாக்கால் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“கஷ்டமானதைச் சொன்னீங்க அல்வா, இல்லையா? அதுக்கு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சர்க்கரை வியாதி என்று அப்போதும் சொல்லவில்லை, வாயில் போட்டுக்கொண்டேன்.

பிறகு அவர் நிதானமாகப் பேசினார். இனி நீட்டிய கை எதுவும் அவனுக்கு ஆகாது. கை என்றால் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டான். அவன் மோவாயை வைக்க வேறு ஏதாவது இடம் பார்க்க வேண்டும், புதிதாக ஆரம்பிக்க வேண்டும். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. “சாரோட தொடைங்கம்மா.”

“என்னது?”

“சார் காலைல பிரம்பு நாற்காலில பேப்பர் படிப்பாருங்கல்ல. மடியில சிவப்புக் கரைத் துண்டு கிடக்கும். லட்டு வந்து அது மேல மோவாய வெக்கிறான். கடிச்சதுக்கப்புறமும் வெக்கிறானுங்க. சார்தான் பயந்துட்டு காலை இழுத்துக்கறாரு.”

ஷைலாம்மா இப்போது முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “ஒரு மாசமா இதப் பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க?”

“நீங்க கேக்கலீங்களே.”

வியாழக்கிழமை

அந்தப் பத்து நாளும் பயிற்சி லட்டுவுக்கு இல்லை, சாருக்குத்தான். துண்டைத் தொடையில் விரித்து, காலை இழுக்காமல் உட்கார அவருக்கு மூன்று நாள் ஆனது. இழுக்காமல் இருந்தபோதெல்லாம் ஷைலாம்மா அவருக்கும் ஒரு ‘டிக்’ கொடுத்தார். “என்னையும் நாயாக்கிட்டீங்களேம்மா” என்றார் சார். ஆனாலும் அடுத்த தடவை இன்னும் நேராக உட்கார்ந்தார். பாட்டிலைத் தையல் தழும்பிருந்த கையிலேயே பிடித்தார். மருந்து சில்லென்று இருந்தால் யாருக்கும் உதறும் என்று, நான் பாட்டிலை என் இடுப்பில் செருகிச் சூடாக்கிக் கொடுப்பேன். மருந்து விடாமல், பாட்டில் காதைத் தொடுவதுவரை வந்தார்கள். சொட்டு மட்டும் பாக்கி.

வியாழக்கிழமை காலை நாங்கள் போவதற்கு முன்பே கூட்ஸ் ஆட்டோ வாசலில் நின்றது. டிரைவர் கையில் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்டில் சாய்ந்து நின்றிருந்தார்.

சார் நாற்காலியில் உட்கார்ந்து துண்டை விரித்தார். லட்டு வந்தான். மோவாயை வைத்தான். இடுப்பிலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். பாட்டில் காதருகே போனது.

லட்டு தலையைத் தூக்கினான்.

வாசலில் டிரைவர் செருமினார். நான் சாரின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது துண்டிலிருந்து மெல்ல எழும்பி, லட்டுவின் தாடைப் பக்கம் போனது. அந்தக் கை என்ன செய்யப் போகிறது என்று அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

“கைய எடுத்துருங்க சார்.”

என் குரல்தான். அந்த வீட்டு மனிதரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

சார் என்னைப் பார்த்தார். கையை எடுத்தார். பாட்டிலைக் கீழே தரையில் வைத்தார். “சரிடா” என்றார். “பேடான்னா பேடா.” கண்ணில் தண்ணீர் நின்றது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

லட்டு பாட்டிலைப் பார்த்தான். சாரைப் பார்த்தான். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மேசை வரை போனான், நின்றான். திரும்பி வந்து, ஒரு பெருமூச்சோடு, தன் முழுத் தலையையும் அந்தத் துண்டின்மேல் போட்டான்.

சார் பாட்டிலை எடுத்தார். ஒரு சொட்டு. லட்டுவின் பின்னங்கால் வெடவெடத்தது. மோவாய் அசையவில்லை. இரண்டு. மூன்று. காதின் அடியைச் சார் மெல்லத் தேய்த்துவிட்டார், சளசளவென்று சத்தம் கேட்டது. அப்போதும் அசையவில்லை. ஷைலாம்மா ‘டிக்’ அழுத்த மறந்து, பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

இத்தனை பெரிய உடம்பும் அத்தனை பல்லும் இருக்கிற ஒரு ஜீவன், வலிக்கும் என்று தெரிந்தே, போக வழி திறந்திருக்கும்போதே, வந்து தலையைக் கொடுக்கிறது. கோயிலில்கூட எனக்கு அப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை.

சாரே எழுந்து வாசலுக்குப் போனார். டிரைவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். “நாய்கிட்ட பர்மிஷன் கேட்டா சார் மருந்து போடுறீங்க? எம் பொண்டாட்டிகிட்டகூட நான் எதுவும் கேட்டதில்ல சார்” என்றார்.

“இவரும்தான்” என்று உள்ளேயிருந்து கோமளாம்மா குரல் வந்தது.

சிரித்துக்கொண்டே டிரைவர் கயிற்றைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். சார் அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டார். அவன் இங்கேதான் இருப்பான், குழந்தைக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கேட் போட்டுக்கொள்வோம், நீ வந்து பார் என்று சொன்னார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

நான் வராந்தாப் படியில் போய் உட்கார்ந்தேன். கோமளாம்மா காபி கொண்டுவந்தார். அந்தப் பெரிய டம்ளர்தான்.

“சக்கரை வேண்டாம்மா எனக்கு” என்றேன். “சுகர் இருக்குதுங்க.”

அவர் டம்ளரை நீட்டியபடியே நின்றார். “ஐயோ, இத்தனை நாளா நான் குடுத்ததெல்லாம்?”

“குடிச்சேனுங்க.”

தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய், வேறு காபி கலந்து கொண்டுவந்தார். கசந்தது. நன்றாக இருந்தது. ஒரு வாய் குடித்தேன். இடது கை மடியில் சும்மா மல்லாந்து கிடந்தது.

லட்டு வராந்தாவுக்கு வந்தான். என்னைத் தாண்டிப் போவான் என்று நினைத்தேன், அந்த நாளுக்குப் பிறகு அப்படித்தான் போவான். நான் நீட்டவில்லை, கூப்பிடவில்லை. அவன் நின்று, அந்தக் கையை முகர்ந்தான். பிறகு அதில் மோவாயை வைத்தான்.

அதே கனம். அதே ஈரம்.

வலது கையில் டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்தால்கூட இடது கை அசைந்துவிடும். காபி ஆறி ஏடு படிந்தது. உள்ளே ஷைலாம்மா கிளம்பலாமா என்று கேட்பது காதில் விழுந்தது. அவனாக எடுக்கும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.